மோர்ஸைப் பரீட்சையிலிருந்து எடுத்துவிடலாம், மாமா

அன்புள்ள மாமாவுக்கு,

மன்னார்குடி கல்யாணத்தில் நம் பேச்சு பாதியில் நின்றுபோனது. ஹாம், அதாவது அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் பரீட்சையில், புள்ளியும் கோடுமாகத் தட்டும் மோர்ஸ் இருக்க வேண்டுமா என்ற பேச்சு. "மோர்ஸ் தெரியாதவனெல்லாம் என்ன ஹாம்?" என்று கேட்டீர்கள். பந்தியில் உட்கார்ந்துகொண்டு உங்களோடு வாதாட எனக்கு மனம் வரவில்லை. தந்தி ஆபீஸில் மோர்ஸ் கீயைத் தட்டியே குடும்பத்தைக் கரையேற்றியவர் நீங்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் கப்பல் ஆபத்தில் சிக்கினால் 500 கிலோஹெர்ட்ஸில், மோர்ஸில்தான் உதவி கேட்கும். ஹாம்கள் குறுக்கே புகுந்துவிடக் கூடாது, "நிறுத்து" என்று தட்டினால் அவர்களுக்குப் புரிய வேண்டும். ஹாம்களுக்கு மோர்ஸைக் கட்டாயமாக்க அது நியாயமான காரணம். ஆனால் 1999 பிப்ரவரியோடு கப்பல்கள் செயற்கைக்கோளுக்கும் டிஜிட்டல் அழைப்புக்கும் மாறிவிட்டன. 2003இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இந்தக் கட்டாயத்தைக் கைவிட்டு, முடிவை அந்தந்த நாட்டிடமே விட்டது. நம் நாட்டின் 2009 திருத்த விதிகள் முதல் படியான ரெஸ்ட்ரிக்டட் லைசென்ஸுக்கு மோர்ஸ் வேண்டாம் என்றன. மேல்படியான ஜெனரலுக்கு மட்டும் நிமிடத்துக்கு 8 வார்த்தை என்று வைத்துக்கொண்டன.

பவர் குறைந்து இரைச்சல் கூடினால் மோர்ஸ்தான் போய்ச் சேரும் என்கிறீர்கள். குரலை விட அது வெகுதூரம் போகும், ஒப்புக்கொள்கிறேன். குரலுக்கு இரண்டரை கிலோஹெர்ட்ஸ் அகலம் வேண்டும், சிடபிள்யூவுக்கு, அதாவது மோர்ஸுக்கு, அதில் பத்தில் ஒரு பங்கே போதும். 5 வாட்டில் ஐரோப்பாவைப் பிடிக்கலாம். ஆனால் 2017இல் வந்த எஃப்டி8 என்ற கம்ப்யூட்டர் முறை, காதுக்கே எட்டாத சிக்னலையும் படித்துவிடுகிறது. தூரத்தைக் காட்டி மோர்ஸைக் கட்டாயமாக்க இனி வழியில்லை.

என்னை உறுத்துவது வேறு. 2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறி, டெல்டா முழுக்கக் கம்பங்களையும் தென்னைகளையும் சாய்த்துப்போட்டது. செல்போன் டவர்கள் ஊமையாகிவிட்டன. எந்த முகாமில் எத்தனை பேர், யாருக்கு என்ன மருந்து என்பதை ஒரு எண் பிசகாமல் வாங்கி அடுத்த ஆளுக்குச் சொல்லத் தெரிந்தவர்தான் அன்றைக்குத் தேவைப்பட்டார். கார் பேட்டரியில் ரேடியோ செட்டை ஓட்டத் தெரிந்தவர். 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையான 40 மீட்டர் பேண்டுக்குப் பக்கத்துக்கு 10 மீட்டராகக் கம்பி வெட்டி, விழாமல் நிற்கும் இரண்டு மரங்களுக்கு நடுவே நைலான் கயிற்றில் டைபோல் ஆன்டெனா கட்டத் தெரிந்தவர். உயரமாகக் கட்ட வேண்டும் என்றுகூட இல்லை. ஆறேழு மீட்டரில் கட்டினால் சிக்னல் நேரே மேலே ஏறித் திரும்பி, திருச்சி, புதுக்கோட்டை, கடலூர் என்று சுற்றுவட்டத்திலேயே இறங்கும். புயல் நேரத்தில் நமக்கு வேண்டியது அதுதான். இதில் ஒன்றைக்கூடப் பரீட்சையில் செய்துகாட்டச் சொல்வதில்லை, மாமா! மோர்ஸுக்கு ஒதுக்கும் நேரத்தை இதற்குக் கொடுக்கட்டும் என்கிறேன்.

கட்டாயம் போனால் மோர்ஸ் அழிந்துவிடும் என்ற உங்கள் கவலை எனக்கும் புரிகிறது. அமெரிக்கா 2007லேயே எடுத்துவிட்டது. இன்றைக்கும் நவம்பர் கடைசியில் நடக்கும் சிடபிள்யூ போட்டியின்போது 7 மெகாஹெர்ட்ஸைத் திருப்பிப் பாருங்கள், எள் போட்டால் எள் விழாது. எல்லாம் ஆசைப்பட்டுக் கற்றவர்கள். பரீட்சைக்காக உருப்போட்டு, லைசென்ஸ் கைக்கு வந்ததும் கீயைப் பரணில் போட்டவர்களை நீங்களே எவ்வளவு திட்டியிருக்கிறீர்கள்!

ஒரு வேண்டுகோள். திருவாரூரிலிருந்து நாலைந்து காலேஜ் பிள்ளைகள் ரெஸ்ட்ரிக்டட் எழுதப்போகிறார்கள். வரும் ஞாயிறு காலை நம் வீட்டுக்கு வருகிறார்கள். நீங்களும் அந்தப் பித்தளைக் கீயோடு வாருங்கள். புள்ளி, கோடு என்று பேப்பரில் எழுதிக் காட்டாமல், எனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே சொல்லிக்கொடுங்கள்: ஒவ்வொரு எழுத்தையும் முழு வேகத்தில் தட்டி, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மட்டும் தாராளமாக இடைவெளி விட்டு. டைபோல் கட்டும் பாடத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். சாப்பாடு நம் வீட்டில்தான், அத்தையையும் அழைத்து வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்