கடைசி ஆறு பக்கங்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

வீடு காய்ந்துவிட்டது. அலமாரி மறுபடியும் நிற்கிறது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து என் புத்தகங்கள் நனைந்த கதை உங்களுக்கே தெரியும் என்பதால் அதைத் திரும்பச் சொல்லவில்லை.

தண்ணீரில் அதிகம் போனவை எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜனின் மாத நாவல்கள்தான். அவை அச்சான மலிவான சாணித்தாள் ஈரம் தாங்காது. முன்னூறுக்கும் மேல் நாவல் எழுதியவர் அவர். 2024 நவம்பரில் அவர் மதுரையில் காலமான பிறகு, ஒவ்வொரு பிரதியும் எனக்குப் பொக்கிஷமாகிவிட்டது. மொட்டைமாடியில் தாள் தாளாகப் பிரித்து உலர்த்தியவர்கள், பார்சல் அனுப்பியவர்கள், காசு வாங்க மறுத்த பைண்டர் அண்ணன், சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டு அக்கா, எல்லோருக்கும் மனசார நன்றி.

டீச்சர், உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு நாவலின் முடிவு கூழாகிப்போனது, யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டிருந்தேன். உங்களிடம் இருந்தது. ஜெராக்ஸுக்கு விரித்தால் பிரதி பிய்ந்துவிடும் என்று, அந்த ஆறு பக்கத்தையும் கோடு போட்ட தாளில் கையாலேயே எழுதி அனுப்பிவிட்டீர்கள். பக்க எண்கூட மாறவில்லை. ஓவியம் இருந்த இடத்தில் கட்டம் போட்டு, ‘இங்கே படம்: கோயில் மணி, ஒரு கை’ என்று குறித்திருந்தீர்கள். அதைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

இந்திரா சௌந்தர்ராஜன் கதைக்கு முடிவுதான் உயிர். தொண்ணூறுகளின் கடைசியில் சன் டிவியில் அவர் கதையான ‘விடாது கருப்பு’ தொடரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குதிரையில் வந்து தண்டிக்கும் கருப்பு, கடைசியில் ஒரு மனநோயின் கதையாக அவிழும். ஆனாலும் கருப்பசாமி பொய் என்று அவர் சொல்லமாட்டார். டாக்டருக்கும் பதில் இருக்கும், சாமி கும்பிடுகிறவருக்கும் பதில் இருக்கும். அந்த நியாயம்தான் எனக்கு அவரிடம் பிடித்தது. சித்தர், நவபாஷாணம், மறுபிறவி என்று எழுதியவர்தான் ‘சிருங்காரம்’ படத்துக்கு ஒரு தேவதாசியின் கதையையும் தந்தார். வெறும் திகில் எழுத்தாளர் என்று அவரை ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி இந்தப் புத்தகங்களைப் பூட்டி வைக்கமாட்டேன். எது எந்த ஆண்டு வந்தது என்று பட்டியல் போடத் தொடங்கியிருக்கிறேன். கேட்பவர்களுக்குப் படிக்கத் தருவேன்.

உங்கள் கையெழுத்துப் பக்கங்களை அந்த நாவலோடு சேர்த்தே தைத்தாயிற்று, டீச்சர். அடுத்து உங்களுக்கு எது வேண்டும் என்று சொல்லுங்கள், அனுப்பிவைக்கிறேன்.