குன்னூரிலிருந்து அப்பா

கண்ணு,

இங்கே எல்லோரும் நலம். இரண்டு நாளாக மழை விடவில்லை. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. பெரியவன் பரீட்சை எப்படி எழுதினான்? போன் போட்டால் நீ உடனே வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது மாப்பிள்ளை செல்போனில், ஏஐ கம்ப்யூட்டர்களுக்குச் சிப் செய்கிற அமெரிக்கக் கம்பெனி என்விடியாவின் பங்கு விலையைக் காட்டினார். ஏஐ வந்தபிறகு உலகமே மாறப்போகிறது, இப்போது உள்ளே போகாதவன் பிறகு வருத்தப்படுவான் என்றார். நான் எதிர்த்துப் பேசவில்லை. படித்தவர், உழைப்பாளி. பழைய ஆபீஸ் சிநேகிதர்களிடம் அவரைப் பற்றிப் பெருமையாகத்தான் சொல்வேன். ஆனால் அன்று வலது கையால் சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடி, இடது கைக் கட்டைவிரலால் அந்தத் திரையைத் தள்ளிக்கொண்டே இருந்தார். அம்மா ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டது காதில் விழவில்லை. ராத்திரி ஒரு மணிக்கும் ஹாலில் போன் வெளிச்சம். அமெரிக்க மார்க்கெட் நம் ராத்திரியில்தான் நடக்குமாமே.

தேயிலை ஏலத்தோடு காலம் தள்ளியவன் நான். 90களில் உருளைக்கிழங்கைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை நட்டவர்கள், பிறகு பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று கொழுந்தை அப்படியே விட்டதைப் பார்த்திருக்கிறேன். ஊட்டியில் மூடிப்போன இந்து ஃபிலிம் தொழிற்சாலை கதை உனக்கே தெரியும். டிஜிட்டல் கேமரா வந்ததால் ஜனங்கள் போட்டோ எடுப்பதை நிறுத்திவிட்டார்களா? முன்னைவிட எத்தனையோ மடங்கு எடுக்கிறார்கள். ஃபிலிமுக்குத்தான் வேலை இல்லை.

ஏஐ பொய் என்று நான் சொல்லவே இல்லை. இண்டர்நெட்டும் பொய்யில்லை. ஆனால் 2000 மார்ச்சில் 5,000 புள்ளிகளைத் தாண்டி நின்ற அமெரிக்கப் பங்குச் சந்தைக் குறியீடு நாஸ்டாக், விழுந்தபிறகு அந்த இடத்துக்குத் திரும்பி வந்தது 2015இல். சொந்தப் பணம் போட்டவன் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கலாம். வட்டிக்கு வாங்கிப் போட்டவனுக்கு யார் பதினைந்து வருஷம் தவணை கொடுப்பார்கள்? மாப்பிள்ளை காட்டிய அதே என்விடியா, டீப்சீக் என்ற சீனக்காரர்களின் ஏஐ பரபரப்பில் 2025 ஜனவரி 27 அன்று ஒரே நாளில் ஏறத்தாழ 60,000 கோடி டாலர் மதிப்பை இழந்தது. அதே வருஷம் மறுபடி ஏறியது, இல்லையென்று சொல்லவில்லை. அந்த ஒரு நாளில் கடன்காரன் கதவைத் தட்டினால் என்ன செய்வது?

விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுகிற மாதிரி ஆப்ஷன், ஃப்யூச்சர் என்று ஏதோ போகிறாரா? பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபியே கணக்குப் போட்டு 2024இல் சொல்லிவிட்டது. மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனியாட்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். நீயும் எம்.காம். படித்தவள். காலேஜில் கணக்குப்பதிவியலில் முதல் மார்க் வாங்கியவள், வீட்டுக் கணக்கைப் பார்க்க மாட்டாயா? கடன் வாங்கிப் போட வேண்டாம், அவ்வளவுதான் சொல்கிறேன்.

அப்புறம், அம்மா கேட்கச் சொன்னாள். ஆத்தாவின் நெளி வளையல் பொங்கலன்று உன் கையில் இல்லையே. லாக்கரில் இருக்கிறது என்றாய், சரி. சங்கிலியும் லாக்கரிலா? எடப்பள்ளித் தோட்டம் இன்றைக்கு என்ன விலை போகும் என்று ஏன் கேட்டாய்? விலை விசாரித்துச் சொல்கிறேன் என்றேனே தவிர, நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரிக்கப் போவதும் இல்லை. சித்தப்பா விஷயத்தில் பட்டது போதும்.

கடிதத்தை மாப்பிள்ளையிடம் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம். அவர் மனசு நோக வேண்டாம். ஆனால் கடன் வாங்கிப் போட வேண்டாம் என்று சொல். ஏற்கெனவே வாங்கியிருந்தால் எவ்வளவு, யாரிடம், என்ன வட்டி என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். என் பெயரில் தபால் ஆபீஸில் கொஞ்சம் இருக்கிறது. அம்மாவுக்குச் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா பதினொரு மணிக்கு மார்க்கெட் போவாள், அந்த நேரத்தில் கூப்பிடு. மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தால் மொட்டை மாடிக்குப் போய்ப் பேசு.

அப்பா