"என்ன குடி?" என்று கேட்பதற்கு முன்னர்

ஆசிரியர் அவர்கட்கு,

இன முறுகல் தலைதூக்கும் போதெல்லாம் கோவிலை நிர்வகிக்கும் வண்ணக்கரும் பள்ளிவாசல் நம்பிக்கையாளரும் பங்குத்தந்தையும் ஒன்றாக அமர்ந்து அமைதி காக்கும்படி வேண்டுவது எமது மட்டக்களப்பில் வழமை. 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பின்னர் அயலூர்கள் ஒன்றையொன்று எவ்வளவு அச்சத்துடன் பார்த்தன என்பதை அறிந்த எவரும் அத்தகைய கூட்டங்களைக் குறைகூற மாட்டார்கள். ஆனால் முன்பின் அறியாத ஒரு குடும்பம் ஊருக்குள் வந்து சாமான்களை இறக்கும் நாளில் இத்தலைவர்களைக் காணக் கிடைப்பதில்லை என்பதே என் ஆதங்கம்.

கடந்த வருடம் எங்கள் ஒழுங்கைக்கு மலையகத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கிணற்றடியில் அயல்வீட்டு அம்மா ஒருவர், எவரையும் கேட்பதுபோல, "நீங்க என்ன குடி?" என்று கேட்டார். குடி என்பது இங்கு தாய்வழியாக வரும் குலப்பிரிவு. அம்முறையை அறியாத அந்தப் பெண் திகைத்து, "எங்க வீட்டுக்காரரு குடிக்கவே மாட்டாருங்க" என்றாள். நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள், அதன் பிறகு ஒரு கிழமை அவள் கிணற்றடிப் பக்கமே வரவில்லை. (குடிமுறை இங்குள்ள முஸ்லிம்களிடமும் உண்டு; ஆகவே வெளியூரிலிருந்து வருபவர் எவராயினும் இக்கேள்வியில் தடுக்கி விழக்கூடும்.) இறுதியில் வண்ணக்கர் ஒருவர் மனைவியுடன் அவ்வீட்டுக்குச் சென்று, கேள்வியின் பொருளை விளக்கி, கோவில் பொங்கலுக்கும் அழைத்தார். அந்த அரைமணி நேரத்தில் நடந்ததை எந்தச் சமாதானக் கூட்டமும் செய்திருக்காது.

முஸ்லிம் ஊரான சாய்ந்தமருதிலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியை ஒருவருக்கோ அதுவும் வாய்க்கவில்லை. வாடகைக்கு விட வீட்டுக்காரருக்கு விருப்பம் இருந்தும், "ஊர் என்ன சொல்லுமோ" என்று தயங்கினார். கோவில் நிர்வாகத்தார் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எவரும் சொல்லாததால் அந்த ஆசிரியை நாள்தோறும் பஸ்ஸில் வந்து போகிறார். புட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தோம் என்று மேடையில் பேசுவோர் அவருடைய விடயத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர்கள் செய்யக்கூடிய வேறொன்றும் உண்டு. முதலாம் தரத்திற்குப் பிள்ளையைச் சேர்க்கும்போது வதிவிடத்திற்கு ஆதாரமாக வாக்காளர் இடாப்பைப் பார்க்கிறார்கள். வீட்டில் உரிமை கோரிவிடுவார்களோ என்ற வீண் பயத்தால், வாடகைக்கு இருப்போரின் பெயரைத் தமது முகவரியில் பதிய வீட்டுக்காரர்கள் பலர் விடுவதில்லை. கிராம உத்தியோகத்தரையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் பேசி அப்பயத்தைப் போக்கவும், மரண உதவிச் சங்கத்தில் அக்குடும்பத்தைச் சேர்க்கவும் தலைவர்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

நான் சொன்ன மலையகக் குடும்பத்தின் மூத்த பிள்ளைக்கு அடுத்த வருடம் பாடசாலை செல்லும் வயது. அவர்களுடைய பெயர் இன்னும் இடாப்பில் ஏறவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
களுவாஞ்சிக்குடி.