ஹார்டு டிஸ்கா, கிளவுடா என்று கேட்ட மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். பேக்கப்புக்கு ஹார்டு டிஸ்க் வாங்கவா, இணையத்தில் ஃபைல்களை வைக்கும் கிளவுடுக்குப் பணம் கட்டவா என்று போனில் கேட்டாய். என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் ஆள் நின்றதால் சரியாகப் பேச முடியவில்லை. உன் தொழிலே அந்த லேப்டாப்பில்தான் இருக்கிறது, அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

விண்டோஸ், கணக்கு எழுதும் டாலி, ஆபீஸ் எல்லாம் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். போனால் வராதவை நீ கணக்குப் பார்க்கும் வாடிக்கையாளர்களின் கணக்குகளும் பேத்தியின் போட்டோக்களும்தான். ஜிஎஸ்டி சட்டப்படி ஒரு வருடக் கணக்கை, ஆண்டறிக்கைக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது உனக்கே தெரியும். ஐந்து வருடம் கழித்து ஒருவர் வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதை மனதில் வைத்துத்தான் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உன் லேப்டாப்பில் ஏற்கெனவே மைக்ரோசாஃப்டின் கிளவுடான ஒன்டிரைவ் ஓடுகிறது. அதை மட்டும் நம்பி இருந்துவிடாதே. இங்கே ஒரு ஃபைலை அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். அதன் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அவ்வளவுதான். மார்ச் மாதம் கைதவறி அழிந்த ஃபைலை ஜூலையில் தேடினால் கிடைக்காது. இலவச இடமும் 5 ஜிபிதான். கூகுளில் 15 ஜிபி கிடைக்கும், ஆனால் ஜிமெயிலும் போட்டோவும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். கிளவுடு வேண்டாம் என்று சொல்லவில்லை, இருக்கட்டும். முதலில் டிஸ்க் வாங்கு.

1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் போதும். சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் பதியும் எஸ்எஸ்டி வேகமானது என்று விற்கிற கடைக்காரர் சொல்வார். ஆனால் மின்சாரமே கொடுக்காமல் நெடுநாள் பீரோவில் கிடந்தால் எஸ்எஸ்டியில் பதிந்தது மெல்லக் கசிந்து போகலாம். போகும்போதும் பெரும்பாலும் சொல்லாமல் போய்விடும். சுழலும் ஹார்டு டிஸ்க் பல நேரம் டிக் டிக் என்று சத்தம் கொடுத்து எச்சரிக்கும். எடுத்து வைப்பதற்கு அதுதான் சரி.

டிஸ்கைச் செருகி, கண்ட்ரோல் பேனலில் ஃபைல் ஹிஸ்டரியை ஆன் செய். டிஸ்க் இணைந்திருக்கும்வரை மணிக்கு ஒருமுறை மாறிய ஃபைல்களை அதுவே எடுத்துக்கொள்ளும், பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும். ஒரு விஷயம் கவனி. அது டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் மாதிரியான இடங்களைத்தான் பார்க்கும். டாலியின் கம்பெனி டேட்டா பெரும்பாலும் வேறு ஃபோல்டரில் இருக்கும். டாலியில் டேட்டா பாத், அதாவது டேட்டா இருக்கும் இடம் எது என்று பார்த்து, அந்த ஃபோல்டரை விண்டோஸ் லைப்ரரியில் சேர்த்துவிடு. டாலிக்குள்ளேயே ஆல்ட் ஒய் அழுத்தினாலும் பேக்கப் வரும்; வாரக் கடைசியில் அதையும் எடுத்து அதே டிஸ்கில் போடு.

வேலை முடிந்ததும் டிஸ்கைக் கழற்றிவிடு. 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் பரவியபோது, கம்ப்யூட்டரோடு சேர்ந்திருந்த டிஸ்க்குகளையும் அது பூட்டியது. கழற்றி வைத்த டிஸ்கை எந்த வைரஸும் தொட முடியாது.

இப்போது கடையில் என்னை அதிகம் வருத்தப்பட வைப்பது இன்னொன்று. விண்டோஸ் 11 லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்தாலே, பல மாடல்களில் டிரைவ் தானாகப் பூட்டிக்கொள்கிறது. லேப்டாப்பின் முக்கிய போர்டான மதர்போர்டு கெட்டுப்போனால், உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு மெஷினில் போட்டுப் பார்ப்போம். திரையில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது என்ன என்று கேட்டால் வந்தவர் முகத்தைப் பார்க்க முடியாது. கீ இல்லாவிட்டால் நானும் திறக்க முடியாது, யாராலும் முடியாது. உன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கும். இன்றைக்கே பிரிண்ட் எடுத்து பேங்க் பாஸ்புக்கோடு வை.

அப்புறம், எடுத்த பேக்கப் திறக்கிறதா என்று மாதம் ஒருமுறை மாப்பிள்ளையின் கம்ப்யூட்டரில் செருகிப் பார். ஏதாவது ஒரு பழைய கணக்கை முழுசாகத் திறந்து பார். கிட்லேப் என்ற பெரிய மென்பொருள் நிறுவனத்திலேயே 2017 ஜனவரி 31 அன்று ஒருவர் தவறான சர்வரில் தரவை அழித்துவிட்டார். ஐந்து விதமான ஏற்பாடு இருந்தும், தேவைப்பட்ட நேரத்தில் ஒன்றும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்னால் எடுத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அவர்களுக்கே அப்படி என்றால் நாம் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

2023 டிசம்பர் வெள்ளம் உனக்கு நினைவிருக்கும். நம் தூத்துக்குடி மாவட்டக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தண்ணீர் வடிந்த பிறகு கடைக்கு வந்த பைகளில், சேறு காய்ந்த சிபியுவும் அதன் பேக்கப் டிஸ்கும் சேர்ந்தே இருந்தன. இரண்டும் ஒரே மேஜையில் இருந்தவை. கணக்குகளை மட்டுமாவது கிளவுடிலும் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். போட்டோ அளவில் பெரியது, அதற்கு மாதாமாதம் பணம் கட்டுவதைவிட இரண்டாவது டிஸ்க் ஒன்று வாங்கிவிடு. ஒன்று கோயம்புத்தூரில் உன்னிடம் இருக்கட்டும், மற்றது இங்கே தூத்துக்குடியில் மாடியில் அம்மாவின் பீரோவில் இருக்கட்டும். ஊருக்கு வரும்போதெல்லாம் மாற்றிக்கொள்வோம்.

பொங்கலுக்கு வரும்போது உன் பழைய லேப்டாப்பையும் கொண்டு வா. அதற்குள் யாரையும் ஃபார்மட் செய்ய விடாதே. பேத்தியின் முதல் வருடப் போட்டோக்கள் அதில் இருக்கின்றனவா என்று நான் பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா