எங்கள் பிள்ளைகளின் நுரையீரலையும் இதயத்தையும் பாருங்கள்

பெறுநர்:
திட்ட இயக்குநர் அவர்கள்,
தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம், சென்னை.

மதிப்பிற்குரிய திட்ட இயக்குநர் அவர்களுக்கு, வணக்கம்.

தாயிடமிருந்து எச்.ஐ.வி. தொற்றிப் பிறந்து, இன்று பதினைந்து, பதினேழு, பத்தொன்பது வயதில் இருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அவர்களில் ஒருத்தி என் அண்ணன் மகள். அண்ணனும் அண்ணியும் போன பிறகு என்னிடம்தான் வளர்கிறாள். எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் காத்திருக்கும்போது பழக்கமான பாட்டிகளும் சித்திகளும் சொன்னதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். பெயர் போட்டு எழுத அவர்களால் முடியாது, என்னாலும் முடியவில்லை. காரணம் உங்களுக்குத் தெரியும்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். வருடா வருடம் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறீர்கள். அதே நாளில், அதே மையத்தில், இந்தப் பிள்ளைகளின் மூச்சுத் திறனையும் ரத்த அழுத்தத்தையும் கொழுப்பு, சர்க்கரை, சிறுநீரக அளவுகளையும் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். பதினெட்டு வயதில் பெரியவர்கள் பிரிவுக்கு மாற்றும்போது, பிறந்ததிலிருந்து நடந்த சிகிச்சையின் முழு விவரமும் அவர்களுடன் போகட்டும்.

நீங்கள் செய்ததை மறந்துவிட்டுக் கேட்கவில்லை. நாட்டிலேயே முதன்முதலில் 1986-ல் சென்னையில்தான் இந்தத் தொற்று கண்டுபிடிக்கப்பட்டது. 2004 ஏப்ரல் 1 அன்று இலவசக் கூட்டு மருந்து தொடங்கிய முதல் சில மருத்துவமனைகளில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. 2006 இறுதியில் குழந்தைகளுக்கான மருந்துத் திட்டம் வந்தது. அது வந்திருக்காவிட்டால் என் அண்ணன் மகள் இன்று இல்லை. வைரல் லோடு ரிப்போர்ட்டில் ‘டார்கெட் நாட் டிடெக்டட்’, அதாவது வைரஸ் தென்படவில்லை என்று வந்தால் அன்றைக்கு எங்கள் வீட்டில் பாயசம்தான்.

ஆனால் மருந்து வைரஸ் பெருகுவதைத்தான் நிறுத்துகிறது, அதை உடம்பிலிருந்து அடியோடு விரட்டுவதில்லை. சில வெள்ளணுக்களுக்குள் அது பதுங்கிக் கிடக்கிறது. இன்னொரு பெரிய சேதம் குடலில். எதிர்ப்புச் சக்திக்கு ஆதாரமான சி.டி.4 என்ற வெள்ளணுக்களில் பெரும்பங்கு குடல் சுவரை ஒட்டியே இருக்கின்றன. தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களிலேயே எச்.ஐ.வி. அவற்றை ஏராளமாக அழித்துவிடுகிறது. பிறகு எத்தனை வருடம் மருந்து சாப்பிட்டாலும் அந்தச் சுவர் பழையபடி ஆவதில்லை. குடலுக்குள்ளேயே இருக்க வேண்டிய பாக்டீரியாக்களின் துணுக்குகள் ரத்தத்தில் கசிகின்றன. அதைக் கண்டு எதிர்ப்புச் சக்தி ஓயாமல் போர்க்கோலத்திலேயே இருக்கிறது. நீறு பூத்த நெருப்பாக உள்ளே கிடக்கும் இந்த நாள்பட்ட அழற்சி ரத்தக் குழாய், நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று எல்லாவற்றையும் மெல்ல மெல்லப் பாதிக்கக்கூடியது. கொரோனா காலத்தில் சி.ஆர்.பி., டி-டைமர், ஐ.எல்.-6 என்று ரத்தப் பரிசோதனைகளைப் பற்றி வீட்டுக்கு வீடு பேசினோமே, இதையும் அந்த அளவுகளை வைத்துத்தான் கணிக்கிறார்கள்.

இதைப் படிக்கும் வளர்ப்பவர்கள் யாரும் மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. மருந்தில்லாத உடம்பில் இந்த அழற்சி பல மடங்கு இருக்கும். ஒரு வேளை மாத்திரையைக்கூட விடாதீர்கள்.

பெரியவர்களுக்கும் இது உண்டு என்பது உண்மைதான். ஆனால் வளர்ந்து முடிந்த உடம்பில் தொற்று நுழைவது வேறு, எதிர்ப்புச் சக்தி உருவாகிக்கொண்டிருக்கும்போதே வைரஸ் கூடவே இருப்பது வேறு. அதிலும் இன்றைய பதினேழு, பதினெட்டு வயதுக்காரர்கள் பலருக்கு மருந்து தாமதமாகத்தான் கிடைத்தது. தொற்றுள்ள சிசுவுக்கு உடனே மருந்து தொடங்கினால் இறப்பு 76 சதவீதம் குறைகிறது என்று தென்னாப்பிரிக்காவின் ‘செர்’ ஆய்வு 2008-ல்தான் சொன்னது. சி.டி.4 எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் எல்லா வயதினருக்கும் மருந்து என்ற நிலைக்கு இந்தியா வந்தது 2017-ல். அதுவரை பலருக்குச் சி.டி.4 சரியும்வரை காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பில்தான் இவர்களுடைய நுரையீரல் வளர்ந்தது, இதயம் வளர்ந்தது.

என் அண்ணன் மகளுக்கு ஆறு வயதில், காசநோய் வந்த பிறகுதான் மருந்து ஆரம்பித்தார்கள். இப்போது பதினேழு. வைரல் லோடு பல வருடமாக நன்றாகவே இருக்கிறது. பள்ளியில் வகுப்பு மூன்றாம் மாடி. இரண்டாம் மாடித் திருப்பத்தில் பையை இறக்கி வைத்துவிட்டு, ஷூ லேஸ் கட்டுவதுபோல் குனிந்துகொள்வாளாம், மூச்சு சீராகும்வரை. தோழிகள் கேட்டால் லேஸ் அவிழ்ந்துவிட்டது என்பாளாம். எனக்கே இது ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. “எல்லாம் நல்லா இருக்குன்னுதானே சொன்னாங்க, அப்புறம் ஏன் அத்தை மூச்சு வாங்குது?” என்று கேட்டாள். மையத்தில் சொன்னேன். “வைரல் லோடு நல்லா இருக்கும்மா, சத்தா சாப்பிடச் சொல்லுங்க” என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அன்று வரிசையில் நின்ற கூட்டத்துக்கு அவ்வளவுதான் நேரம் கிடைக்கும்.

வெளியில் காசு கொடுத்து, மூச்சுத் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி எடுத்தோம். குழாயில் முழு மூச்சையும் ஊதச் சொன்னார்கள். மூன்று தடவை ஊதிவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அந்த வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதைவிடக் குறைவு என்றது முடிவு. பழைய காசநோயின் தழும்பா, அழற்சியா, இரண்டுமா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது என்றார் அந்த மருத்துவர். பத்து வயதில் ஒருமுறை ஊதிப் பார்த்திருந்தால் ஒப்பிட ஒரு கணக்காவது இருந்திருக்கும்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 2013 முதல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட வளரிளம் பருவத்தினரைத் தொடர்ந்து பார்த்துவந்தார்கள். எல்லோரும் பிறவித் தொற்றுள்ளவர்கள், சிகிச்சையில் இருப்பவர்கள். தொற்றில்லாத அதே வயதுப் பிள்ளைகளைவிட இவர்களின் நுரையீரல் திறன் குறைவாக இருந்தது. ஜிம்பாப்வேயின் ஹராரேயிலும் மலாவியின் பிளான்டயரிலும் இதே தொற்றோடு நாள்பட்ட நுரையீரல் நோயும் உள்ள 347 பிள்ளைகளை வைத்து, வாரம் ஒருமுறை அசித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து பயன் தருகிறதா என்று பார்த்த ஆய்வு 2020-ல் வெளியானது. நுரையீரல் திறன் கூடவில்லை, ஆனால் மூச்சுக்கோளாறு திடீரென்று முற்றுவது குறைந்தது. பழுதான நுரையீரலைப் பிறகு மீட்பது கடினம், முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் வழி என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அழற்சியைக் குறைக்க வழி இருக்கிறது என்பதற்கும் ஒரு தடயம் உண்டு. உகாண்டாவிலும் ஜிம்பாப்வேயிலும் சிகிச்சையில் இருந்த 758 பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கோட்ரைமாக்சசோலை நிறுத்தி, மற்றவர்களுக்குத் தொடர்ந்தார்கள். கிருமித் தொற்றுகளைத் தடுக்க நாம் செப்ட்ரான் என்று வாங்குகிற சாதாரண மாத்திரைதான் அது. தொடர்ந்து சாப்பிட்டவர்கள் மருத்துவமனையில் சேர்வது குறைந்தது. அவர்களின் ரத்தத்தில் சி.ஆர்.பி.யும் ஐ.எல்.-6-ம் குறைவாக இருந்ததை 2019-ல் காட்டினார்கள். நம்மிடம் சி.டி.4 ஏறி நிலைத்ததும் இந்த மாத்திரையை நிறுத்திவிடுகிறோம். அந்த ஆய்வு நடந்த, மலேரியா மிகுந்த ஊர்களின் முடிவை அப்படியே இங்கே பொருத்த முடியாது. நம் பிள்ளைகளை வைத்து யோசிக்க வேண்டிய கேள்வி இது.

என்ன கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் சி.ஆர்.பி., ஐ.எல்.-6 பாருங்கள் என்று கேட்கவில்லை. சாதாரணச் சளிக்கே சி.ஆர்.பி. ஏறும், அந்த ஒரு எண்ணை வைத்து ஒரு பிள்ளைக்கு என்ன செய்வது என்று முடிவெடுக்க முடியாது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும் கேட்கவில்லை. 2023-ல் வெளியான ‘ரிப்ரீவ்’ ஆய்வில், எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களுக்குப் பிட்டாவஸ்டாட்டின் என்ற அந்த வகை மாத்திரை இதய நோய் ஆபத்தை 35 சதவீதம் குறைத்தது, அதில் இந்தியர்களும் இருந்தார்கள். ஆனால் கலந்துகொண்ட எல்லோரும் நாற்பது வயதைத் தாண்டியவர்கள். நம் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கலாம் என்று அந்த ஆய்வை வைத்து யாரும் சொல்ல முடியாது.

இன்றைக்கே செய்யக்கூடியதைத்தான் கேட்கிறேன். மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021-ல் ரத்த அழுத்தக் கருவியை வீட்டு வாசலுக்கே கொண்டுபோன மாநிலம் இது. ஏ.ஆர்.டி. மையத்துக்கு ஒரு ஸ்பைரோமீட்டரும் அதை இயக்கப் பயிற்சி பெற்ற ஒருவரும் பெரிய செலவல்ல. “நெஞ்சு நோய்ப் பிரிவுக்குப் போங்கள்” என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் பாதிப் பேர் போக மாட்டார்கள். சீட்டின் தலைப்பிலேயே ஏ.ஆர்.டி. என்று இருக்கிறது, அதை ஊர்க்காரர் யாராவது பார்த்துவிடுவாரோ என்ற பயம். மருந்து டப்பா குலுங்கிச் சத்தம் கேட்கக் கூடாதென்று உள்ளே பஞ்சு அடைத்துப் பள்ளி விடுதிக்குக் கொண்டுபோகும் பிள்ளைகள் இவர்கள். அதனால்தான் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் வேண்டும் என்கிறேன். நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கல் தடுப்பூசி இலவசத் திட்டத்தில் நாடு முழுக்க வந்தது 2021-ல், அதுவும் கைக்குழந்தைகளுக்கு. அதற்கு முன்பே பிறந்துவிட்ட இவர்களுக்கு மையத்திலேயே போட வேண்டும்.

மருந்துக்கு ஒருநாளும் தட்டுப்பாடு வரக் கூடாது. 33 நாடுகளில் 5,472 பேரை வைத்து நடந்த ‘ஸ்மார்ட்’ ஆய்வு 2006-ல் வெளியானது. மருந்தை இடையில் நிறுத்தியவர்களிடம் ஐ.எல்.-6-ம் டி-டைமரும் ஒரே மாதத்தில் ஏறின. அவர்களிடையே இறப்பும் இதய நோயும் கூடின. 2022-ல் மருந்துத் தட்டுப்பாட்டைக் கண்டித்து டெல்லியில் தொற்றுள்ளோர் போராட வேண்டிவந்தது. பத்து நாள் மாத்திரையை எண்ணிக் கொடுத்து “அடுத்த வாரம் வந்து பாருங்க” என்று அனுப்பும் நிலை தமிழ்நாட்டில் எந்த மையத்திலும் வரக் கூடாது.

கடைசியாக ஒன்று. சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, குழந்தைகளின் எச்.ஐ.வி.யிலும் காசநோயிலும் நீண்ட அனுபவம் உள்ள இடம். அவர்களையும் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையையும் சேர்த்து, பிறவித் தொற்றுள்ள நம் பிள்ளைகளை முப்பது வயதுவரை தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு ஒன்றைத் தொடங்குங்கள். திட்டம் வகுக்கும் கூட்டத்தில் வளர்ப்பவர்களுக்கும் பதினெட்டைத் தாண்டிய பிள்ளைகளுக்கும் இடம் கொடுங்கள். கூப்பிட்டால் வருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு பெண்ணின் அத்தை