தீவுக்குக் கிளம்பும் முன்

நண்பர்களே, ஸ்கூபா (காற்று உருளையோடு கடலுக்குள் மூழ்கும்) பயணத்துக்கு வருகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். ஒதுக்குப்புறமான தீவில் அழுத்த அறை (வேகமாக மேலேறினால் உடலில் வாயுக் குமிழிகள் உண்டாகி வரும் நோய்க்குச் சிகிச்சை தரும் அறை) உள்ள மருத்துவமனை இருக்காது, கடல் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் மேலேறும்போது அவசரமே வேண்டாம். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாதீர்கள், 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நில்லுங்கள். மூச்சை மட்டும் எப்போதும் அடக்கக் கூடாது. 10 மீட்டரில் இழுத்த காற்று மேற்பரப்பில் இரண்டு மடங்காக விரியும், நுரையீரல் தாங்காது. கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம் வேண்டும். 24 என்றால் எனக்கு இன்னும் நிம்மதி.

அப்புறம், அங்கே நல்ல தண்ணீர் அருமை. அதனால் ரெகுலேட்டரின் (உருளைக் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி) தூசி மூடியை இறுக்கிவிட்டு, எல்லாரும் கருவிகளை ஒரே தொட்டியில் அலசுவோம். காற்று பலமாக அடித்தால் படகு வராது, காய்கறியும் வராது. தினமும் போடும் மாத்திரைகளைக் கூடுதலாகவே எடுத்து வாருங்கள்.