தீபத்துக்குப் பக்கத்தில் தண்ணீர்

ஒலிம்பிக் தீபம் ஏற்றும் நிகழ்ச்சியைத் தமிழில் வர்ணனை செய்பவர்களுக்கும் அதைச் செய்தியாக எழுதுபவர்களுக்கும்,

வணக்கம்.

2028இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் வருகிறது. அதற்குச் சில மாதங்கள் முன்னால், கிரேக்கத்தின் ஒலிம்பியாவில், ஹீரா கோயில் இடிபாடுகளுக்கு எதிரே குழியாடியில் வெயிலைக் குவித்துத் தீபம் ஏற்றுவார்கள். 1936 பெர்லின் போட்டிக்காக இந்தத் தீபத் தொடரோட்டம் தொடங்கியதையும், 2024 ஏப்ரலில் மேகம் மறைத்ததால் ஒத்திகையில் ஏற்றிய தீயையே கொண்டுவந்ததையும் நீங்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இந்த முறை இன்னும் ஒரு நிமிடம் வேண்டும்.

அந்தக் கோயிலுக்குக் கிழக்கே, குரோனோஸ் குன்றின் அடிவாரத்தில், அரைவட்டமாக ஒரு செங்கல் சுவர் எஞ்சியிருக்கிறது. பளிங்கெல்லாம் போய்விட்டதால் பார்ப்பவர்களுக்கு அது வெறும் சுவர்தான். கி.பி. 150ஐ ஒட்டிக் கட்டிய நீரூற்று மண்டபம் அது. சுமார் 4 கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஊற்றுகளிலிருந்து கால்வாய் வழியாக நீர் வந்தது. மேலே அரைவட்டத் தொட்டி, கீழே நீளத் தொட்டி. பின்சுவரின் மாடங்களில் ரோமப் பேரரசர் குடும்பத்தின் சிலைகளும், ஹெரோடஸ் அட்டிகஸ் என்ற ஏதென்ஸ் செல்வந்தரின் குடும்பத்துச் சிலைகளும் வரிசையாக நின்றன.

அதற்கு முன் அங்கே தண்ணீர்ப் பாடு எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். உச்சிக் கோடை, கட்டுக்கடங்காத கூட்டம். தாகத்தாலும் நோயாலும் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்த இடம் என்று லூசியன் என்ற அக்காலத்து எழுத்தாளர் எழுதியிருக்கிறார். கால்வாயில் நீர் வந்த பிறகு, பெரெகிரினஸ் என்று ஒரு தத்துவவாதி, இந்தத் தண்ணீர் கிரேக்கர்களைச் சொகுசுக்காரர்களாக்குகிறது என்று கூட்டத்தில் திட்டினாராம். அதே தண்ணீரைக் குடித்துக்கொண்டேதான் திட்டினார் என்கிறார் லூசியன். கூட்டம் கல்லெடுத்துவிட்டது, அவர் ஓடித் தப்ப வேண்டியதாயிற்று.

இந்த மண்டபத்தை எல்லோரும் ஹெரோடஸ் பெயரால்தான் அழைக்கிறார்கள். ஆனால் தொட்டியின் விளிம்பில் பளிங்குக் காளை ஒன்று இருந்தது. இப்போது ஒலிம்பியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் விலாவில் கிரேக்க எழுத்தில் வெட்டியிருக்கும் காணிக்கை வாசகம் இதுதான்: "ரெகில்லா, டிமீட்டரின் பூசாரி, நீரையும் நீரைச் சுற்றியுள்ளவற்றையும் ஜீயஸுக்கு." டிமீட்டர் பயிர்த் தெய்வம், ஜீயஸ் கிரேக்கர்களின் தலைமைத் தெய்வம். வாசகம் அவ்வளவுதான். வினைச்சொல்கூட இல்லை. ஹெரோடஸ் பெயரும் இல்லை.

ரெகில்லா அவருடைய மனைவி, ரோமப் பிரபு வீட்டுப் பெண். மணமான பெண்கள் ஒலிம்பிக் போட்டியைப் பார்க்கவே கூடாது என்றிருந்த ஊரில், டிமீட்டரின் பூசாரிக்கு மட்டும் உட்கார்ந்து பார்க்கும் உரிமை இருந்தது. அந்தப் பதவியில் இருந்தவர் அவர்.

அப்புறம் நடந்ததைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. எட்டு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது, ஹெரோடஸின் ஆள் ஒருவன், அவர் சொல்லித்தான், வயிற்றில் அடித்து ரெகில்லா இறந்தார் என்று ரெகில்லாவின் சகோதரர் ரோமில் வழக்குத் தொடுத்தார். ஹெரோடஸ் விடுதலையானார். உண்மையில் என்ன நடந்ததென்று தீர்ப்புச் சொல்ல நான் யாருமில்லை. ஆனால் வழக்கில் வென்றவர் பெயரே கட்டடத்துக்கும் நிலைத்துவிட்டது. காணிக்கை வைத்தவர் பெயர் ஒரு காளையின் விலாவில் மட்டும் இருக்கிறது. இது எனக்கு ஆறவே இல்லை.

தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பதைப் புண்ணியம் என்று பந்தல் போடுகிற நம் நேயர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. தீபம் ஏந்திய பெண்கள் மெதுவாக நடந்து வரும்போது உங்களுக்குப் பேச நேரம் கிடைக்கும். கேமராவில் அந்தச் சுவர் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், பக்கத்தில் ரெகில்லாவின் நீரூற்று இருக்கிறது என்று சொல்லுங்கள். அவர் பெயரிலேயே சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் நேயர் ஒருவர்